ஆறு முறை அச்சான மதிப்பெண் பட்டியல்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போல காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த முறை சோழர்களும் இல்லை, பிரெஞ்சுப் புரட்சியும் இல்லை. கம்ப்யூட்டர் சில நேரம் ஏன் அப்படியே உறைந்துபோய் நிற்கிறது என்பதன் வரலாறு. "சாருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலான பழைய பாக்கி ஒன்றை நான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

1997ஆம் ஆண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. மதிப்பெண் போட்டு, கூட்டி, ரேங்க் எடுத்து அச்சடிக்க ஒரு புரோகிராமை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர்கள் எங்களுக்கு மவுஸைப் பிடிக்கவே பயம். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கை நன்றாக ஓடும். அவனிடம்தான் அறைச் சாவியைக் கொடுத்து வைத்திருந்தேன்.

அன்று நானூற்றுச் சொச்சம் பேரின் பட்டியலை அச்சடிக்கச் சொன்னேன். பையன் "அச்சிடு" என்ற பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் அழுந்தியதாகவும் தெரியவில்லை. மறுபடி அழுத்தினான். அப்போதும் ஒன்றும் இல்லை. மொத்தம் ஆறு முறை அழுத்தியிருப்பான். பத்து நிமிடம் கழித்துப் பிரிண்டர் உயிர் வந்து கிறீச்சிட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட அந்தத் தொடர் காகிதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பட்டியல் முழுவதும் அச்சாகி முடிந்தது. சற்று நேரம் விட்டு மறுபடி முதலிலிருந்து. பிறகு மறுபடியும். ஆறு முறை! ஒரு வருடத்துக்கென்று வாங்கிய காகிதத்தில் பெரும்பகுதி ஒரே மாலையில் தரையில் கிடந்தது.

தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். நான் பையனைக் கேட்டேன். கேட்டேன் என்பது சரியான சொல் இல்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "பொறுமை இல்லாதவனுக்கு மெஷினைக் கொடுத்தா இப்படித்தான்" என்று திட்டினேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை அந்த அறைக்குள் விடவில்லை.

போன மாதம் அவன் வீட்டுக்கு வந்தான். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களை எழுதுவதுதான் தொழில். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பழைய கதைக்கு வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "சார், அன்னைக்கு என் மேல தப்பு இல்ல சார். அந்த புரோகிராம அப்படி எழுதியிருந்தாங்க. முதன்மை இழையிலயே எல்லா வேலையும் நடந்துச்சு. நான் அழுத்துன ஆறு அழுத்தலும் வரிசையில நின்னு காத்திருந்துச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். ஒருகாலத்தில் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை விடப் பொறுமையாக. அவன் போன பிறகு நானும் தேடிப் படித்தேன். வரலாற்று வாத்தியார் இல்லையா, எது எப்போது ஏன் வந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆரம்பக் காலக் கம்ப்யூட்டர்களில் கேள்வி கேட்பது இயந்திரம், பதில் சொல்வது மனிதன். "பெயர் என்ன?" என்று கேட்கும். நாம் அடிப்போம். "வயது?" என்று கேட்கும். நாம் அடிப்போம். அது கேட்காததை நாம் சொல்ல முடியாது. தேர்வறை மாதிரி.

1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கம்ப்யூட்டர் மாநாடு நடந்தது. அங்கேதான் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் மவுஸைப் பொதுமேடையில் முதன்முதலாக இயக்கிக் காட்டினார். அதே மாநாட்டில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் என்பவரின் கட்டுரையும் வெளியானது. மனிதன் ஒன்றைச் செய்ததும் இயந்திரம் எவ்வளவு நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு விசையைத் தட்டினால் 1 நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏதாவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மனிதனுக்குத் தான் செய்தது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் வந்துவிடும் என்ற கருத்து அப்போதே பேசப்பட்டுவிட்டது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பையனுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடிக்குப் பதிலாகப் பத்து நிமிடம் கிடைத்தது.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் உருவானது. படங்கள், ஜன்னல்கள், மவுஸ் எல்லாம் அதில் உண்டு. அங்கே வேலை பார்த்த லாரி டெஸ்லர் என்பவருக்கு ஒரு பிடிவாதம். மனிதனை ஓர் அறைக்குள் அடைத்து "இப்போது இதை மட்டும்தான் செய்யலாம்" என்று இயந்திரம் சொல்லக் கூடாது, எந்த நேரத்தில் எதைத் தொட வேண்டும் என்று மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும் என்பார். அவர் பிறகு ஆப்பிள் நிறுவனத்துக்குப் போனார். 1984 ஜனவரியில் மெக்கின்டோஷ் வந்தது. 1985 நவம்பரில் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தது.

இவற்றில் கேள்வி கேட்பது மனிதன், பதில் சொல்வது இயந்திரம் என்று முறை தலைகீழாக மாறியது. மனிதன் எதை எப்போது தொடுவான் என்று புரோகிராம் எழுதுகிறவருக்குத் தெரியாது. அப்படியானால் எப்படி எழுதுவது?

இதை நம் பள்ளி அலுவலகத்தை வைத்துச் சொல்கிறேன். எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவர் மேசைமேல் ஒரு டிரே. யார் வந்தாலும் சீட்டை டிரேயில் போட்டுவிட்டுப் போக வேண்டியது. எழுத்தர் அடியிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார், அதற்குரிய வேலையைச் செய்வார், அடுத்த சீட்டை எடுப்பார். டிரே காலியாக இருந்தால் காத்திருப்பார். காலையிலிருந்து மாலைவரை இதே சுற்று.

கம்ப்யூட்டரில் மவுஸை அழுத்தினால் ஒரு சீட்டு. விசையைத் தட்டினால் ஒரு சீட்டு. ஜன்னலை நகர்த்தினால், அதை மறுபடி வரையச் சொல்லி ஒரு சீட்டு. சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் அந்த எழுத்தருக்குத்தான் முதன்மை இழை என்று பெயர். ஆங்கிலத்தில் மெயின் த்ரெட். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போவதுபோல ஒரு வேலைக்குப் பின் ஒரு வேலையாகச் செய்துகொண்டு போவதால் இழை.

புரோகிராம் எழுதுகிறவர் என்ன செய்வார் தெரியுமா? "இந்தப் பொத்தானை அழுத்தியதாகச் சீட்டு வந்தால் இந்த வேலையைச் செய்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பெயர் கால்பேக். நாம் ரேஷன் கடைக்காரரிடம் "பருப்பு வந்ததும் ஒரு போன் போடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதேதான். நாம் கடை வாசலில் நிற்பதில்லை. வந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள்.

முறை அழகானது. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. எழுத்தர் ஒருவர்தான். ஒரு சீட்டில் "நானூறு பேருக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுது" என்று இருந்தால்? அவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அலுவலகம் செத்துப்போன மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் உறைந்து போவது என்பது இதுதான். இயந்திரம் நிற்கவில்லை. மும்முரமாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நம்மை நிமிர்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் இது இன்னும் மோசம். 1992இல் வந்த விண்டோஸ் 3.1 வரையிலும், 2001இல் புதிய அமைப்பு வரும்வரை மேக்கிலும், பல புரோகிராம்கள் ஒன்றாக ஓடியது பரஸ்பர மரியாதையின் பேரில்தான். ஒரு புரோகிராம் தன் சீட்டை முடித்து, "அடுத்தவர் வாருங்கள்" என்று தானாக இடம் விட்டால்தான் அடுத்தது ஓடும். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் கூட்டமே நின்றுவிடும். ஆண்டுவிழாவில் நாம் பார்க்காததா?

1988இல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் இரண்டும் சேர்ந்து உருவாக்கிய ஓஎஸ்/2 அமைப்பில் ஜன்னல்கள் வந்தன. அதில் இழைகள் பல உண்டு. மைக்கைப் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுக்கும் அதிகாரமும் அமைப்புக்கு உண்டு. ஆனாலும் எல்லாப் புரோகிராம்களுக்கும் சேர்த்து டிரே ஒன்றே ஒன்று! ஒரு புரோகிராம் தன் சீட்டை எடுக்காமல் உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் மவுஸும் விசைப்பலகையும் போகாது. அதனால் புரோகிராமர்களுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள்: எந்தச் சீட்டுக்கும் 1 நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே. இருபது ஆண்டுக்கு முன் மனிதனின் பொறுமைக்குச் சொன்ன அதே அளவு இங்கே கட்டளையாகத் திரும்பி வந்தது.

1991இல் வந்த விஷுவல் பேசிக் ஒரு குறுக்குவழியைக் கொடுத்தது. நீண்ட வேலையின் நடுவே அவ்வப்போது நிமிர்ந்து டிரேயைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்ளலாம். நல்ல யோசனை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் டிரேயில் இருப்பது "நானூறு சான்றிதழ் எழுது" என்ற அதே சீட்டாக இருந்தால்? முதல் கட்டு பாதியில் நிற்கும்போதே இரண்டாவது கட்டை ஆரம்பிப்பார். அதன் பாதியில் மூன்றாவது. எது யாருடையது என்று தெரியாமல் பதிவேடு குழம்பிவிடும். இந்தக் குறுக்குவழியில் அடிபடாத பழைய புரோகிராமர் அபூர்வம் என்றான் நம் பையன்.

சரி, வேலைக்கு இன்னும் சில ஆட்களைப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அப்படித்தான் அவர்களும் நினைத்தார்கள். 1993இல் விண்டோஸ் என்டி வந்தது, 1995இல் விண்டோஸ் 95 வந்தது. ஒரு புரோகிராமுக்குள்ளேயே பல இழைகளை ஓடவிடுவது மேசைக் கம்ப்யூட்டர்களில் சாதாரணமானது. ஒவ்வொரு இழைக்கும் தனி டிரே. ஒரு புரோகிராம் உறைந்தால் மற்றவை ஓடும். பீஓஎஸ் என்ற அமைப்பில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் இழையே கொடுத்தார்கள். 1996இல் வந்த ஜாவா மொழியில் எந்த இழை வேண்டுமானாலும் ஸ்கிரீனைத் தொடலாம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார்கள்.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் எடுக்கிறது. பல கைகள் ஒரே ஸ்கிரீனைத் தொட்டபோது இரண்டு விதமான துன்பங்கள் வந்தன.

முதலாவது, குழப்பம். ஒரே வருகைப் பதிவேட்டில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் கூட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஒரு பெயரை அடித்துவிடுவார். கூட்டல் தப்பாகும். யார் தப்பு என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, பூட்டுப் போடுவோம், ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்கட்டும் என்றார்கள். அப்போது இரண்டாவது துன்பம் வந்தது. முட்டுக்கட்டை. நம் ஊர் ஒற்றை வழிப் பாலத்தில் எதிரெதிரே இரண்டு பஸ் ஏறிவிட்டால் என்ன ஆகும்? நீ பின்னால் போ என்று இவர், நீ போ என்று அவர். இரண்டும் அங்கேயே நிற்கும்.

ஜன்னல் புரோகிராம்களில் இந்தப் பாலம் எங்கே வந்தது என்பதை 2004இல் சன் நிறுவனத்தின் கிரகாம் ஹாமில்டன் என்பவர் தெளிவாக எழுதினார். மவுஸ் அழுத்தம் கீழிருந்து மேலே போகிறது. முதலில் இயந்திரம், பிறகு ஜன்னல், பிறகு பொத்தான், கடைசியாகப் புரோகிராம். புரோகிராம் ஒன்றை வரையச் சொல்லும்போது கட்டளை மேலிருந்து கீழே வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பூட்டு. ஏறுகிறவர் கீழ்ப்பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேல்பூட்டுக்குக் காத்திருப்பார். இறங்குகிறவர் மேல்பூட்டை வைத்துக்கொண்டு கீழ்ப்பூட்டுக்குக் காத்திருப்பார். இதை யாருடைய கவனக்குறைவு என்று சொல்வது? போக்குவரத்தே அப்படி. எவ்வளவு கெட்டிக்காரர் எழுதினாலும் எப்போதாவது மோதும்.

"எப்போதாவது" என்பதில்தான் ஆபத்து. பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் லீ 2006இல் எழுதிய கட்டுரையில் தங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்கிறார். 2000ஆம் ஆண்டில் அவருடைய குழு பல இழைகள் கொண்ட ஒரு புரோகிராமை எழுதியது. பலரும் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு வரியையும் ஓட்டிச் சோதித்தார்கள். பலர் பயன்படுத்தினார்கள். ஒரு குறையும் தெரியவில்லை. 2004 ஏப்ரல் 26 அன்று அது முட்டுக்கட்டையில் மாட்டி நின்றது. நான்கு ஆண்டு! குற்றம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு பஸ்ஸும் ஒரே நொடியில் பாலத்தில் ஏறும் நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தொழில் முழுவதும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தது. கேட்டால் "இவ்வளவுதானா?" என்பீர்கள். ஸ்கிரீனை ஒரே ஒரு கைதான் தொட வேண்டும். அந்தக் கை எதற்காகவும் எங்கேயும் காத்து நிற்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் விதி. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பலன் இல்லை.

அலுவலகத்துக்கே திரும்புவோம். பதிவேட்டில் எழுதுவது எழுத்தர் மட்டுமே. ஆனால் நானூறு சான்றிதழ் வேலை வந்தால் அதைப் பின்னறையில் இருக்கும் உதவியாளரிடம் கொடுத்துவிடுவார். "முடிந்ததும் இந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்" என்று ஒரு குறிப்பையும் சேர்த்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு உடனே அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். உதவியாளர் வேலையை முடித்ததும் பதிவேட்டைத் தொட மாட்டார். அந்தக் குறிப்பை எழுத்தரின் டிரேயில் போடுவார். முறை வரும்போது எழுத்தர் தன் கையாலேயே பதிவேட்டில் ஏற்றுவார்.

வேலை பின்னறையில் நடக்கிறது. முடிந்த செய்தி மட்டும் முன்மேசைக்கு, வரிசையில், ஒரு சீட்டாக வருகிறது. மேசைக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் "கால்பேக்கை முதன்மை இழைக்குக் கொண்டுவருவது" என்று பேசிக்கொள்வது இதைத்தான்.

ஜாவாவில் 1998 வாக்கில் பரவலான ஸ்விங் என்ற கருவித்தொகுப்பு, பழைய எண்ணத்தைக் கைவிட்டு இந்த ஒற்றைக் கை விதியை எடுத்துக்கொண்டது. "இதைப் பிறகு உன் முறை வரும்போது செய்" என்று டிரேயில் போடுவதற்கென்றே ஒரு கட்டளையும் தந்தது. 2002இல் வந்த மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டிலும் அதே ஏற்பாடு உண்டு. 2005இல் இன்னும் கண்டிப்பு காட்டினார்கள். புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும்போது வேறு இழை ஸ்கிரீனைத் தொட்டால், அந்த இடத்திலேயே பிழை என்று நிறுத்திவிடும். நான்கு ஆண்டு கழித்து வெடிப்பதை விட முதல் நாளே தலையில் குட்டுவது நல்லதில்லையா? ஆப்பிள் 2009இல், வேலைகளை வரிசைகளில் போடும் ஓர் ஏற்பாட்டை அமைப்பிலேயே சேர்த்தது. அதில் முதன்மை வரிசை என்று தனியாக ஒன்று. ஸ்கிரீன் சம்பந்தப்பட்டதெல்லாம் அதற்குள்தான்.

இதிலும் ஒரு தொல்லை இருந்தது. ஒரு வேலை முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் மற்றொன்று என்று குறிப்புக்குள் குறிப்பு, அதற்குள் குறிப்பு என்று எழுத வேண்டிவந்தது. ஒரே கதையைப் பத்துத் துண்டாக வெட்டிப் பத்து உறையில் போட்ட மாதிரி. படிக்கிறவருக்குத் தலை சுற்றும். நடுவில் ஒன்று தவறினால் யாரிடம் சொல்வது என்றும் தெரியாது.

2012இல் சி ஷார்ப் மொழியில் இதற்கு ஒரு வழி வந்தது. கதையை மேலிருந்து கீழாக ஒழுங்காகவே எழுதலாம். காத்திருக்க வேண்டிய இடத்தில் "காத்திரு" என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டால் போதும். பார்க்கக் காத்திருப்பது போல இருக்கும். உண்மையில் எழுத்தர் அந்த இடத்தில் ஒரு புத்தகக் குறி வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். பின்னறை வேலை முடிந்ததும் குறி வைத்த இடத்திலிருந்து தொடர்வார். அதுவும் எழுத்தரே, அதே மேசையில். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளும் பின்னாளில் இதே பாணியை எடுத்துக்கொண்டன.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று நம் பையனைக் கேட்டேன். "இல்ல சார், இன்னைக்கும் புதுப் பசங்க இதுல மாட்டறாங்க" என்றான். புத்தகக் குறி வைத்துவிட்டுப் போகாமல், "அந்தக் குறிப்பு வரும்வரை இங்கேயே நிற்கிறேன்" என்று எழுத்தர் பின்னறை வாசலில் போய் நின்றுவிடும்படி எழுதிவிடுகிறார்களாம். உதவியாளர் வேலையை முடித்து, குறிப்பை எங்கே போடுவார்? எழுத்தரின் டிரேயில். டிரேயிலிருந்து எடுக்க எழுத்தர் மேசையில் இல்லை. அவர் அந்தக் குறிப்புக்காகவே காத்து நிற்கிறார். மீண்டும் முட்டுக்கட்டை. கருவி மாறிவிட்டது, விதி மாறவில்லை.

உங்கள் கையில் இருக்கும் போனிலும் இதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் தொட்டது 5 நொடி கவனிக்கப்படாமல் கிடந்தால், இந்தச் செயலி பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறீர்களா மூடிவிடவா என்று கேட்கும். விண்டோஸிலும் ஒரு புரோகிராம் 5 நொடிக்கு டிரேயை எட்டிப் பார்க்காவிட்டால் அது தொங்கிவிட்டதாகத்தான் கணக்கு. அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே ஓர் எழுத்தர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார், அல்லது எந்த வாசலிலோ நிற்கிறார்.

இப்போது 1997க்கு வருகிறேன்.

பையன் முதல் முறை அழுத்தியதுமே வேலை ஆரம்பித்துவிட்டது. நானூறு பேர் மதிப்பெண்ணையும் கூட்டி ரேங்க் போடும் வேலை முழுவதும் முன்மேசையிலேயே நடந்தது. பொத்தான் அழுந்திய மாதிரி வரைந்து காட்டக்கூட எழுத்தருக்கு நேரம் இல்லை. பதில் வராததால் அவன் மறுபடி அழுத்தினான். மனிதன் அப்படித்தான் செய்வான் என்பது 1968இலேயே தெரிந்த விஷயம். அடுத்த ஐந்து அழுத்தலும் ஐந்து சீட்டாக டிரேயில் போய் உட்கார்ந்தன. முதல் வேலை முடிந்ததும் இயந்திரம் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, நேர்மையாக, அதே வேலையை ஐந்து முறை செய்தது.

இதைத் தடுக்க எழுதியவர் மூன்று காரியம் செய்திருக்கலாம். அழுத்தியதும் அந்தப் பொத்தானை மங்கலாக்கி, மறுபடி அழுத்த முடியாதபடி செய்திருக்கலாம். கூட்டல் வேலையைப் பின்னறைக்கு அனுப்பியிருக்கலாம். "நூறு பேர் முடிந்தது, இருநூறு முடிந்தது" என்று அவ்வப்போது ஒரு குறிப்பு டிரேயில் விழும்படி செய்து ஸ்கிரீனில் காட்டியிருக்கலாம். மூன்றும் அன்றே தெரிந்த வழிகள்தான். எழுதியவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன அவசரமோ, என்ன சம்பளமோ.

ஆனால் என்னைக் குறை சொல்லியாக வேண்டும். வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒரு நிகழ்ச்சிக்கு யார் காரணம் என்று கை நீட்டும் முன் அது எப்படி நடந்தது என்று பாருங்கள் என்று. முதல் உலகப் போருக்கு அதைச் சொன்னேன். 1857க்கு அதைச் சொன்னேன். என் கண்முன் நின்ற பதினாறு வயதுப் பையனுக்கு அதைச் செய்யவில்லை. தரையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தேன், பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன், தீர்ப்பு எழுதிவிட்டேன். "ஏன்பா ஆறு தடவை அழுத்தினே?" என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "பதிலே வரல சார்" என்று சொல்லியிருப்பான். அந்த ஒரு வாக்கியத்தில் முழு விளக்கமும் இருந்தது.

அவன் அந்த அறைக்கு வெளியே ஒன்றரை ஆண்டு நின்றான். பிறகு எங்கோ போய், யாரிடமோ கற்றுக்கொண்டு, இதையே தொழிலாக்கிக்கொண்டான். அது அவன் சாமர்த்தியம். அதில் எனக்குப் பங்கு இல்லை.

போன மாதம் அவன் கிளம்பும்போது வாசல்வரை போனேன். "தம்பி, அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஆனால் நான் திட்டியது தனியாக இல்லை, நாற்பது பேர் முன்னால். அந்த நாற்பது பேரில் பலர் இந்தப் பதிவைப் படிப்பவர்கள். அதனால் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். அன்று தப்பு அவன் மேல் இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். உங்களுக்கு யார் என்று நினைவிருக்கும். அவனை அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் காகிதக் கதையைச் சொல்லிக் கிண்டல் செய்பவர்கள், இனி முழுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு குழந்தை ஒரே கேள்வியை ஆறு முறை கேட்டால் பொறுமை இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் முறை கேட்டபோது நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு அடுத்த வாரம் போகிறேன். பரிசாக என்ன வாங்குவது என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு கட்டு காகிதம் வாங்கலாம் என்றிருக்கிறேன். அவன் சிரிப்பான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்